கியூர்பிப் மழையும் ஆல்கஹால் மையும்

எங்கள் மொரீசியஸ் தீவில் செம்மயிற்கொன்றை டிசம்பரில் பூக்கிறது. அதே மரத்துக்குத் தமிழ்நாட்டில் 'மே மலர்' என்று பெயர் வழங்குவதைச் சென்னையிலிருந்து எனக்குப் புத்தகங்கள் அனுப்பும் தோழி சொல்லித்தான் அறிந்தேன். மடகாஸ்கரைத் தாய்மண்ணாகக் கொண்ட மரம் அது; பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே போனதும் தன் பூக்கும் மாதத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. மொரீசியஸில் அது பூத்தால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று பொருள். பூவைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து இதழ்களில் நான்கு செக்கச்செவேல் என்றிருக்கும். ஐந்தாவது மட்டும் வெளுத்து, மஞ்சள் ஓடி, சிவப்புச் சாந்தைத் தெளித்தாற்போலப் புள்ளிகளோடு நிமிர்ந்து நிற்கும். அந்த ஐந்தாவது இதழை, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் ஒரு கண்ணாடி உருண்டையின்மேல் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் முதன்முதலில் ஆல்கஹால் மைக் குப்பிகளை வாங்கினேன். இதழ் இன்றுவரை வரவில்லை. அது ஏன் வராது என்பது இப்போது ஓரளவு விளங்கியிருக்கிறது.

நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். ஓவியம் படித்தவள் அல்ல. கோலம் மட்டும் கைப்பழக்கம். ஆகவே மைக்குப்பியைத் திறந்தபோதும் கோலம் போடுகிற மனத்தோடுதான் திறந்தேன். முதலில் புள்ளி, பிறகு இழை, இழை எங்கே தொடங்கி எங்கே கூட வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். ஆல்கஹால் மையில் அந்தக் கணக்கு ஒன்றும் நடக்காது. சொட்டு விழுந்த மறுகணமே அது தன் போக்கில் பரவத் தொடங்கிவிடும். நாம் செய்யக்கூடியது, எந்த நிறம், எத்தனை சொட்டு, எந்த இடத்தை வெறுமையாக விடுவது, எப்போது கையை எடுப்பது என்ற நான்கு முடிவுகள் மட்டுமே. அவற்றில் மூன்றைக் குப்பியின் மூடியைத் திருகுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இந்த மையில் சாயம் நீரில் அல்ல, ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. பரப்பில் ஒட்டிக்கொள்ளச் சிறிது பிசினும் கலந்திருக்கும். எதையும் உறிஞ்சாத பரப்பில்தான் இது ஓடும்: கண்ணாடி, மெருகேற்றிய பீங்கான் ஓடு, உலோகத் தகடு, பாலிப்ரொப்பிலீனால் ஆன யூப்போ தாள். சாதாரணக் காகிதத்தில் விட்டால் அங்கேயே ஊறி நின்றுவிடும். என் முதல் தீபாவளி முயற்சி அப்படித்தான் வீணாயிற்று. ஒரு டஜன் மண் அகல்களை வரிசையாக வைத்து, மயில்நீலத்தையும் பொன்னிறத்தையும் சொட்டினேன். சுட்ட மண் அவ்வளவு மையையும் குடித்துவிட்டு, மழையில் நனைந்த செங்கல்லைப்போல மங்கிய ஒரு நிறத்தைத் திருப்பித் தந்தது. ஒரு குப்பி அரை அவுன்ஸ்தான், விலையும் குறைவல்ல. ரேஞ்சர், ஜாக்கார்ட் ஆகிய பெயர்களில் வரும் குப்பிகள் கடல் கடந்துதான் இங்கே வந்து சேர்கின்றன. அந்தப் பன்னிரண்டு அகல்களையும் அம்மா எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டார். இருட்டில் சுடர்தான் தெரிந்தது, நிறத்தை யாரும் கேட்கவில்லை.

ஓர் உருண்டையை நான் எப்படிச் செய்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கையுறை அணிந்துகொண்டு, உருண்டையின் உலோக மூடியைக் கழற்றி, கழுத்துக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பிடித்துக்கொள்கிறேன். முதலில் ஆல்கஹால் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் மை நிற்காமல் விலகி ஓடும். பிறகு சிவப்பு இரண்டு சொட்டு. அது வழியத் தொடங்கும்போது ஊத வேண்டும். 2021ஆம் ஆண்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இங்கே தடை வந்ததிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடைப்பதில்லை. காகித ஸ்ட்ரா மூன்றாவது மூச்சிலேயே நமுத்துவிடும். கொல்லையில் நிற்கும் பப்பாளி மரத்தின் இலைக்காம்பை வெட்டிக்கொள்கிறேன். சிறுவயதில் சோப்புக் குமிழி ஊதிய அதே காம்பு. உள்ளே கூடாக, நீளமாக, வேண்டிய அளவுக்கு மெல்லியதாகவும் கிடைக்கும். நுனியில் பால் வடிவது நிற்கும்வரை காத்திருந்தால் போதும்.

சிவப்பு பரவி விளிம்பு உலரும் தறுவாயில், நிறமில்லாத ஆல்கஹாலை ஒரே ஒரு சொட்டு நடுவில் விடுகிறேன். யாரோ கையால் விலக்கியதுபோல நிறம் நாலாபுறமும் ஒதுங்கி, நடுவில் ஒரு வெளுத்த வட்டம் திறக்கும். ஒதுங்கிய சாயம் வட்டத்தின் ஓரத்தில் கறுத்த கோடாகத் தங்கும். பரப்பு இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்தை நோக்கித் திரவம் நகர்வது இதற்கு ஒரு காரணம். திராட்சை மது ஊற்றிய கோப்பையின் உட்சுவரில் துளித்துளியாக ஏறி இறங்கும் 'கண்ணீரை' வைத்து 1855ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் பாவியாவில் தம் ஆய்வேட்டில் இதை எழுதிய கார்லோ மாரங்கோனியின் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. ஓரத்துக் கறுத்த கோட்டுக்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு: மேசையில் சிந்திய காப்பி காய்ந்த பிறகு பாருங்கள், நடு வெளுத்தும் விளிம்பு கறுத்தும் வளையமாக இருக்கும். விளிம்பில் திரவம் விரைந்து ஆவியாவதால் உள்ளிருந்து திரவம் அங்கே ஓடி, தான் சுமந்துவந்ததை அங்கேயே இறக்கிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1997இல்தான் இதை முறையாக விளக்கினார்கள். காப்பி வளையத்தை அதுவரை எத்தனை கோடிப் பேர் துடைத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வெளுத்த வட்டத்தின் ஓரத்தில் வெள்ளை மையை ஊசிமுனை அளவுக்கு வைத்தால், அது தன்னைச் சுற்றியுள்ள சிவப்பைத் தள்ளிக்கொண்டு இதழ்போல மடிந்து மடிந்து விரியும். மற்ற நிறங்களில் இருப்பது கரைந்த சாயம். வெள்ளையில் இருப்பது கரையாத வெண்பொடி. ஆகையால் அது குப்பியின் அடியில் படிந்து கிடக்கும். பொன், செம்பு நிற மைகளும் அப்படியே. உள்ளே இருக்கும் சிறு குண்டு கடகடவென்று உருளும்வரை குலுக்காமல் ஊற்றினால் வெறும் நிறமற்ற திரவம்தான் வரும். நான் தேடும் ஐந்தாவது இதழுக்கு மிக அருகில் போனது இந்த வெள்ளையை வைத்துத்தான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வெண்மடிப்பின்மேல் சிவப்புப் புள்ளிகள் தாமாகத் தெறித்து நின்றன. உருண்டையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவை பரவி இளஞ்சிவப்பாகிவிட்டன. அது இன்னும் ஈரமாக இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

இனி வானிலைக்கு வருகிறேன். கியூர்பிப்பில் இரண்டே பருவங்கள்தான், ஒன்று சின்ன மழைக்காலம், மற்றொன்று பெரிய மழைக்காலம் என்று எங்கள் தீவில் எல்லோரும் கேலி பேசுவார்கள். தீவின் நடுமேட்டில், சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரம் எல்லாம் எங்கள் கூரைமேல்தான் இறங்கும். ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் கோத்துக்கொள்ளும். நிறத்தின்மேல் பால் ஆடைபோல ஒரு வெண்மூட்டம் படிந்துவிடும். முதல் ஆண்டு இது எனக்குத் தெரியாது. மை கெட்டுப்போயிற்று என்று எண்ணி, கடைக்காரரிடம் நீளமாகக் குறை சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

போர்ட் லூயியில் வாழும் என் தங்கை கண்டுபிடித்துச் சொன்னதுதான் இது. மோக்கா மலைத்தொடரின் மறைவில், காற்றுக்கு ஒதுங்கிய கரையில் இருக்கும் தலைநகரம் எங்கள் ஊரைவிட வெப்பமும் வறட்சியும் மிக்கது. "அக்கா, இங்கே வந்து செய்து பாரேன். இங்கே துணியே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது" என்றாள். பெட்டியோடு போனேன். அதே மை, அதே உருண்டை. மூட்டம் அறவே இல்லை. ஆனால் அங்கே வேறு தொல்லை வந்தது. சொட்டு விழுந்து, நான் காம்பை வாயில் வைப்பதற்குள் பாதி உலர்ந்துவிட்டது. நிறம் ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே கூர்மையான வளையங்களாக உறைந்தது. கியூர்பிப்பில் செய்த உருண்டைகள் மேகம்போலவும், போர்ட் லூயியில் செய்தவை அகேட் கல்லின் வரிகள்போலவும் அமைந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே கையால் ஆனவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. இன்று நான் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்: மென்மையாக வேண்டியவை வீட்டில், மழை விட்ட முற்பகலில், ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கிய கண்ணாடியில், கோடு கோடாக வேண்டியவை தங்கை வீட்டில்.

மையை நீர்க்க வைக்கும் ஆல்கஹாலின் வலிமையும் முக்கியமானது. மருந்துக்கடையில் 70 விழுக்காடு ஐசோபிரோபைல் ஆல்கஹால் எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் மீதி 30 பங்கும் நீர். நிறம் வெளிறும், உலர நேரமாகும், சில இடங்களில் முத்து முத்தாகத் திரளும். அதைத் துடைப்பதற்கு வைத்துக்கொண்டு, மைக்கு 90க்கு மேற்பட்டதை வாங்குவதே நல்லது. வாழ்நாள் முழுதும் சர்க்கரை ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கரும்பு விளையும் நாட்டில் ஆல்கஹாலைக் காசு கொடுத்து மருந்துக்கடையில் வாங்குவதா என்று கேட்டு, ஒரு கிளாஸ் வெள்ளை ரம்மை நீட்டினார். நூற்றுக்கு 40தான் ஆல்கஹால், மீதியெல்லாம் நீர் என்று சொல்லியும் கேட்கவில்லை. மை திரிந்துபோயிற்று. ரம்மையும் அதன்பிறகு குடிக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய நிலையான வருத்தம்.

ஒரு கவனக்குறிப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ஐசோபிரோபைல் ஆல்கஹாலின் ஆவி 12 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடியது. கியூர்பிப்பின் குளிர்கால இரவுகூடப் பெரும்பாலும் அதைவிட வெப்பமாகத்தான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் மேசையிலும் தரையிலும் தவழும். எங்கள் வீட்டில் சாமி மாடம் இருக்கும் கூடத்திலேயே என் மேசையும் இருக்கிறது. ஆகையால் அம்மா அந்தி விளக்கேற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் எல்லாவற்றையும் மூடி, சன்னலைத் திறந்துவிட்டு எழுந்துவிடுவேன். சன்னலைத் திறந்தால் ஈரம் வருகிறது, மூடினால் ஆவி தங்குகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமென்றால் ஈரம் வரட்டும் என்பதுதான் என் முடிவு. மெழுகுவர்த்தி வைக்கும் கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் நான் இந்த மை போடுவதில்லை. கேட்பவர்களுக்கு, உள்ளே பேட்டரி விளக்கு வைப்பதாக உறுதி கொடுத்தால் மட்டும் செய்து தருகிறேன்.

முதல் கிறிஸ்துமஸில் நான் பட்ட பாட்டையும் எழுதிவிடுகிறேன். தங்கை மணம் முடித்தது ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில். அவள் மாமியார், சவுக்குக் கிளை வைத்து மரம் சோடிக்கும் பழைய வழக்கத்தை விடாதவர். அவருக்காக இருபது உருண்டைகள் செய்தேன். பளபளப்பு வரட்டும் என்று, வீட்டில் இருந்த ஒரு வார்னிஷை எடுத்துத் தூரிகையால் பூசினேன். முதல் இழுப்பிலேயே சிவப்பு முழுதும் தூரிகையோடு வந்துவிட்டது. அந்த வார்னிஷும் ஆல்கஹாலில் கரைத்ததே என்பதை டப்பாவின் பின்பக்கம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த மை எவ்வளவு நாள் உலர்ந்திருந்தாலும் மறுபடி ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும். அதன் அழகெல்லாம் இந்த இயல்பால் வருவது, அதன் ஆபத்தும் இதனால்தான். எஞ்சிய உருண்டைகளில் நான்கை அப்படியே கொடுத்தேன். விருந்துக்கு வந்த ஒருவர் கைகளுக்குக் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டு ஓர் உருண்டையைத் தொட்டுப் பாராட்ட, அவருடைய வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பகுதி செம்மயிற்கொன்றையாயிற்று. இப்போது தூரிகையைத் தொடுவதில்லை. தெளிப்பானில் வரும் தகுந்த வார்னிஷை எட்ட நின்று, மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக அடிக்கிறேன். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒன்று.

கிறிஸ்துமஸ் உருண்டைகளுக்கு அதைவிட நல்ல வழியையும் பிறகு கண்டேன்: மையை வெளியே போடாமல் உள்ளே விடுவது. மூடியைக் கழற்றி, கழுத்து வழியாகச் சொட்டி, உருண்டையைக் கையில் சுழற்றினால் நிறம் உட்சுவரில் படியும். வெளியே கண்ணாடியின் மெருகு கெடாது, யார் தொட்டாலும் பாதகமில்லை. கழுத்து குறுகலாக இருப்பதால் ஆவி வெளியேற மனமில்லாமல் உள்ளேயே நிற்கும். அழுத்தினால் காற்று ஊதும் ஒரு ரப்பர் குமிழால் காற்றைச் செலுத்தி அதை வெளியேற்றி, ஒரு நாள் முழுதும் திறந்து வைக்க வேண்டும். அவசரப்பட்டு மூடிவிட்டால் நிறம் அடியில் குளமாகத் தேங்கிவிடும்.

பண்டிகைக்கேற்ற அலங்காரம் என்றதும் பலர் உருவத்தைத்தான் நினைக்கிறார்கள்: நட்சத்திரம், மணி, பனிமனிதன், மயில். இந்த மையில் உருவத்தைத் துரத்திப் பயனில்லை. நிறத்தை மட்டும் சரியாக எடுத்துவிட்டால் பண்டிகை தானே வந்து உட்காரும். கிறிஸ்துமஸின் சிவப்பும் பச்சையும் இதில் மிகத் தொல்லையானவை. ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள் ஈரத்தில் கலந்தால் சேற்றுப் பழுப்புத்தான் மிஞ்சும். சிவப்பு முழுதும் உலர்ந்தபின் எதிர்ப்பக்கத்தில் பச்சை, இரண்டுக்கும் நடுவே வெறும் கண்ணாடி ஒரு விரற்கடை, அந்த இடைவெளியின் ஓரத்தில் பொன் ஒரு சொட்டு. இவ்வளவுதான் என் வழி. பனிக்காட்சி கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. டிசம்பரில் லிச்சியும் புழுக்கமுமாக இருக்கும் ஊரில் பனியை எதற்கு மெனக்கெட்டு வரவழைக்க வேண்டும்?

தைப்பூசத்துக்கு வேறு நிறங்கள். இங்கே காவடி எடுப்பவர்கள் பெரும்பாலும் உடுத்தும் அந்த அடர்ந்த ரோஜா நிறம், மயிற்பீலியின் நீலப்பச்சை, செம்பு. பீலியின் கண்ணுக்கு, யூப்போ தாளில் நீலத்தின் நடுவே செம்பு நிறத்தை ஒரு சொட்டு விட்டு, அது அடங்கும் நேரத்தில் ஆல்கஹாலை அரைச் சொட்டு விட வேண்டும்; உலர்ந்ததும் நீள்வட்டமாக வெட்டி நூலில் கோத்துவிடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவற்றை அப்பாவின் காவடியில் கட்டலாம் என்று எடுத்துப் போனேன். அம்மா தென்னங்கீற்று பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "முருகனுக்கு இன்னைக்குப் பறிச்ச பூதான்டி வேணும். இதை வாசல்ல தொங்க விடு." எனக்கு அப்போது கோபம், நாலு நாள் உழைப்பு. ஆனால் காவடி புறப்பட்டுப் போய், வெயிலும் வியர்வையும் பாலும் பட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது, அந்த நெரிசலில் என் பீலிகள் கோவில் வாசல்வரைகூடத் தாங்கியிரா என்று தெரிந்தது. வாசலில் அவை நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தன.

வாசல் வெயில்தான் அவற்றை வேறு விதமாகத் தீர்த்தது. இந்த மைகளின் சாயம் ஒளிக்கு எளிதில் வெளுக்கும்; என் பீலிகளில் ரோஜா நிறம் முதலில் போயிற்று, ஊதா அடுத்து, நீலம் கொஞ்சம் நின்றது. தடுப்புப் படலம் இந்தத் தேய்வைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஆகையால் பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் இருட்டில் வைத்துவிடுகிறேன். ஆண்டுக்கு மூன்று வாரம் வெளிச்சம் கண்டால் போதும்.

இந்த ஆண்டு தங்கையின் மாமியார் இருபத்துநான்கு கேட்டிருக்கிறார். பத்தொன்பது முடிந்து, கழுத்து திறந்தபடி முட்டை அட்டைகளில் நிற்கின்றன. பதினேழாவதில், உள்பக்கம், கழுத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளை மடிப்பு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதில் சிவப்புப் புள்ளிகள் மூன்று. உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வழியில்லை, கையும் உள்ளே போகாது. மீதி ஐந்தையும் இன்று முடித்திருப்பேன். காலையிலிருந்து மழை.